பதினெட்டு வீட்டுக்கு ஒரு பிளக்கு

என் மாமியாருக்கு டீசல் வாசனை ஆகாது. பஸ்ஸில் ஏற்றினால் அடுத்த நிறுத்தம் வருவதற்குள் வாந்தி. ஷேர் ஆட்டோ என்றால் ஏறும்போதே வாந்தி. ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி என்று ஆம்புலன்ஸ் வந்தபோது துணைக்கு ஏறினார். திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் படுக்கையை இவருக்குக் கொடுத்துவிட்டு நோயாளி எழுந்து உட்கார்ந்துகொண்டார். மகன் படகுக்கு எஞ்சின் வைத்த நாளிலிருந்து அந்தப் படகிலும் அவர் கால் வைத்ததில்லை. பறி என்கிற ஓலைக்கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு, இடுப்பளவு ஏரித் தண்ணீரில் நடந்தே போய், கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டு வருவார்.

அப்படிப்பட்டவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்குப் பகல் எது, இருட்டு எது என்று மட்டும் தெரியும். இடது கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. ஊருக்கு வந்த கண் முகாமில் டாக்டர் பார்த்துவிட்டு, "ரொம்ப முத்திப் போச்சு, இனிமே தள்ளினா கண்ணே கெட்டுடும்" என்று என்னிடம் சொன்னார். ஆஸ்பத்திரி ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, பட்டணத்தில் இருந்தது. ஆப்பரேஷனுக்கு இரண்டு தடவை தேதி வாங்கினோம். முதல் தடவை கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று வரவில்லை. இரண்டாவது தடவை நிறுத்தம் வரைக்கும் வந்தார், ஆனால் பஸ் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, அது வரப்போகிறது என்ற நினைப்பிலேயே வாந்தி எடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

நான் கணக்கு டீச்சர். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அது தொழிலோடு வந்தது என்று நான் சொல்வேன், கல்யாணத்தன்றே பார்த்தேன் என்று வீட்டுக்காரர் சொல்வார். அந்தக் கோபத்தோடு போய் ஒரு பழைய எலெக்ட்ரிக் காரை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினேன். பள்ளிக்கூடம் போய்வர இருபத்து நாலு கிலோமீட்டர், அதற்கும் ஆயிற்று என்பது வீட்டில் சொன்ன காரணம். உண்மையான காரணம் அந்த இடது கண்தான். மாமியார் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்னால் குனிந்து முகர்ந்தார். முன்னால் வந்து முகர்ந்தார். உள்ளே தலையை விட்டு இருக்கையை முகர்ந்தார்.

"வாசன ஒன்னியும் வரல. இதுல வரேன்" என்றார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு மூன்றாவது தேதி வாங்கினேன். நாற்பதாவது நாள், புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். மறுநாள் வியாழக்கிழமை கண் கட்டைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தத் தடவை தவறினால் அவர் மறுபடி ஒத்துக்கொள்ள மாட்டார், கண்ணும் காத்திருக்காது என்று எனக்குத் தெரியும்.

காரோடு கொடுத்த புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை படித்தவள் நான். நீட்டிப்பு வயரில் சார்ஜ் போடாதே என்று அதில் மூன்று இடத்தில் எழுதியிருந்தது. மற்றவர்களுக்காக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஃப்ரிட்ஜ் போடுகிற பிளக்கில் மூன்று ஓட்டை உள்ள பெட்டி ஒன்றைச் செருகி, ஜன்னல் வழியாக வயரை வெளியே விட்டு, மிச்ச வயரை அழகாகச் சுருட்டி வைத்தேன். அந்தச் சுருள் மேல் வீட்டுக்காரர் ஈர வலையைக் காயப்போட்டார். இரண்டு பேரும் படித்தவர்கள்தான். முக்கால் மணி நேரத்தில் பிளக்கு உருகி, ரப்பர் தீய்கிற நாற்றம் கிளம்பியது. ஏதோ வெடித்த சத்தம் கேட்டது. தெருவே இருண்டது.

மாமியார் உள்ளேயிருந்து, "இப்ப வாசன வருது" என்றார்.

எங்கள் தெருவில் பதினெட்டு வீடு. பாதி வீட்டில் இறால் வைக்கிற ஃப்ரீசர் உண்டு. அத்தனையும் ஒரே லைன். மறுநாள் மத்தியானம் மின்வாரியத்து ஆள் வரும்வரை பதினெட்டு வீடும் என் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அக்கா ஃப்ரீசரில் இருந்த இறாலை எல்லாம் குழம்பு வைத்து, எனக்கும் ஒரு சட்டி கொடுத்தனுப்பினார். அதில் இருந்த காரம் தற்செயலாக இருக்க முடியாது.

அப்புறம்தான் ஒழுங்காகச் செய்தேன். பொன்னேரியிலிருந்து எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். மீட்டரிலிருந்து நேராகத் தடித்த வயர், அதற்கென்று தனி டிரிப்பர், கசிவு வந்தால் உடனே விழுகிற இன்னொரு சுவிட்ச், வாசல் சுவரில் மழை படாமல் மூடி போட்ட பதினைந்து ஆம்பியர் பிளக்கு எல்லாம் வைத்தார். எர்த்துக்குக் குழி தோண்டி, செம்புப் பூச்சுக் கம்பி இறக்கி, கரியும் உப்பும் போட வேண்டும், உப்பு எடுத்து வாருங்கள் என்றார். மாமியார் குழிக்குப் பக்கத்தில் வந்து, தோண்டிப்போட்ட மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இதுக்கு மேல உப்பு போட்டா வாய்ல வைக்க முடியாது நைனா" என்றார்.

எலெக்ட்ரீஷியன் அவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். ஈரக் கையோடு தொடாதே, வயரைச் சுருட்டாதே, சுவரில் செருகிய பிறகுதான் காரில் செருகு, பிளக்கு சுட்டால் நிறுத்து என்று எனக்கு ஒரு வகுப்பு எடுத்தார். எல்லாம் புத்தகத்தில் இருந்ததுதான். போகும்போது, "உங்க வீட்ல எல்லாம் சரி. ஆனா தெரு லைன் தாங்காது. ஃப்ரீசர் ஓடறப்ப காரும் ஏத்தினா திரும்பவும் போயிடும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் வாசலில் நின்று சொல்லியிருக்கக் கூடாது. எதிர்வீட்டு அக்காவின் காதில் விழுந்து, ஒரு மணி நேரத்தில் ஊர்த்தலைவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

வலைக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். எங்கள் ஏரியில் எவன் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போட்டுவிட முடியாது. எந்த இடத்தில் யார் என்றைக்கு என்பதற்குப் பாடு என்று பெயர். சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். ஊர் லிஸ்டில் பேர் இருக்கிற வீட்டுக்கெல்லாம் பாடு உண்டு. அன்றைக்கு வலை போடுகிறாயா, படகு இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்தவன் பாட்டில் வலை போட்டவனோடு ஊரில் யாரும் பேச மாட்டார்கள். ஏரிச் சண்டைகளை எல்லாம் இதை வைத்துத்தான் இத்தனை காலம் தீர்த்திருக்கிறார்கள். அதனால் என் சண்டையையும் இதை வைத்தே தீர்த்தார்கள்.

"ஏரியும் பொது, தெரு லைனும் பொது" என்றார் தலைவர். "சாயங்காலம் நாலு மணிக்கு வியாபாரி வண்டி வந்து சரக்க ஏத்திக்கினு போயிடுது. நாலுலேர்ந்து ஒம்போது வரைக்கும் ஃப்ரீசர் காலி. அந்த நேரம் டீச்சரம்மா வீட்டு பிளக்குக்கு பாடு வச்சிடலாம். பதினெட்டு வீடு, பதினெட்டு நாளு."

"தலைவரே, கார் என்கிட்ட மட்டும்தானே இருக்கு" என்றேன்.

"அதுக்கு?"

"மத்த பதினேழு வீடும் எதைச் சார்ஜ் போடும்?"

"அது அவங்கவங்க இஷ்டம். படகு இல்லன்னு ஒருத்தன் பாட்ட புடுங்கிக்க முடியுமா?"

சபை தலையாட்டியது. என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். அவரை வீட்டுக்கு வந்து கவனித்துக்கொண்டேன்.

சீட்டுக் குலுக்கியதில் எங்கள் வீட்டுக்குப் பதினேழாவது நாள் விழுந்தது. மாமனார் இறந்து ஆறு வருடம் ஆகியும் ஊர் லிஸ்டில் அவர் பேரை அடிக்கவில்லை என்பதால், அவருக்காக மாமியார் தனியாக ஒரு சீட்டு எடுத்தார். அது பதினாறு. இப்படிச் சுற்று பத்தொன்பது நாள் ஆயிற்று. காலண்டரை எடுத்துக் கணக்குப் போட்டேன். இரண்டாவது சுற்றில் அவருடைய நாள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. ஆப்பரேஷனுக்கு முந்தின சாயங்காலம். கடவுள் இருக்கிறார் என்று முடிவு செய்தேன்.

முறை ஆரம்பித்தது. முதல் நாள் முறை விழுந்த வீட்டிலிருந்து ஒருவர் ஒரு செல்போனைக் கொண்டுவந்தார். பெரிய ஓட்டையில் சின்னப் பின் நிற்கவில்லை என்று பொன்னேரி வரை போய் ஒரு மாற்றுப் பின் வாங்கிவந்து, நாலு முதல் ஒன்பது வரை அந்தப் போனைக் கையில் பிடித்தபடி என் வாசலில் நின்றார். இரண்டாவது நாள் எமர்ஜென்சி விளக்கு. மூன்றாவது நாள் ஒரு பெரியவர், வீட்டில் சார்ஜ் போட ஒன்றுமில்லை என்று நாற்காலி மட்டும் கொண்டுவந்து, பிளக்குக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்கதான் எதுவும் போடலையே, நான் காரைப் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"நம்ப பாடு வீணாப் போவக் கூடாதும்மா" என்றவர், காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு ஒன்பது மணிக்குத்தான் எழுந்தார்.

அதற்குமேல் எனக்குப் பொறுமை இல்லை. பாட்டை மாற்றிக்கொள்ளலாம், கொடுக்கல் வாங்கல் உண்டு என்பதும் ஏரி வழக்கம்தானே. உங்கள் முறையை எனக்குக் கொடுங்கள், எங்கே போக வேண்டுமோ காரில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். தெரு உடனே ஒத்துக்கொண்டது. அதில்தான் கணக்கு டீச்சர் கணக்கில் ஏமாந்தாள். ஐந்து மணி நேரம் ஏற்றினால் எண்பது கிலோமீட்டர் ஓடும். முறை கொடுத்த குடும்பத்தை, ஏழு பேரும் ஒரு கோழியும், காட்டூர் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பக் கூட்டிவந்தால் அறுபது போய்விடும். அவர்கள் எடை தனி. மிச்சம் இருபது. பள்ளிக்கூடம் போய்வர இருபத்து நாலு. ஒவ்வொரு முறையும் எனக்கு மைனஸ் நாலு. சுண்ணாம்புக்குளத்தில் கல்யாணம், பழவேற்காட்டில் பல் பிடுங்கல் என்று நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன். ஊரில் எல்லோரும் காரில் போய்வந்தார்கள், என்னைத் தவிர. நான் வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனேன்.

முதல் சுற்றில் மாமியார் தன் முறையை ஒரு வார்த்தை கேட்காமல் எனக்குக் கொடுத்தார். அந்த நம்பிக்கையில்தான் இரண்டாவது சுற்றில் நான் பேட்டரியைப் பற்றிக் கவலைப்படவில்லை. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு, நடுவில் தலைமையாசிரியரையும் இறக்கிவிட்டு, பதினொரு சதவீதத்தோடு ஐந்தரைக்கு வீடு வந்தேன். ஒன்பதுக்குள் ஏற்றினால் ஐம்பது கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம், திரும்பி வரப் பட்டணத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

வாசலில் எதிர்வீட்டு அக்கா முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிளக்கில் அவருடைய கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, இன்னைக்கு எங்க அத்தை முறை" என்றேன்.

"தெரியும் டீச்சரு. அவங்கதான் குட்த்தாங்க. நாளைக்கு பொண்ணு வூட்டு காது குத்துக்கு அம்பது பேருக்கு இட்லி. நம்ப வூட்ல கிரைண்டர் நவுந்து நவுந்து சுத்துது. உங்க வூட்டு கரண்டு ஜோரா கீது."

கொடுத்த பாட்டைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. அந்த பிளக்கைப் பிடுங்கி எறிய எனக்கு ஒரு நொடி ஆகாது. ஆனால் தெரு லைனை ஒருமுறை எரித்தவள் நான், சபையில் ஒத்துக்கொண்டு வந்தவளும் நான். உள்ளே போனேன்.

மாமியார் கட்டிலில், சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு எடுத்துவைத்த பை பக்கத்திலேயே இருந்தது. நான் கத்தினேன். நாற்பது நாளாக ஓட்டிய கிலோமீட்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கத்தினேன். கோழியையும் விடவில்லை. யாருக்காக இதையெல்லாம் செய்கிறேன் என்று கேட்டேன். அந்த நாற்பது நாளில் அவர் என்னைப் பேசி முடிக்க விட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"என் பாடு. நான் குட்த்தேன்" என்றார்.

"ஏன் அத்தை கொடுத்தீங்க?"

பக்கத்தில் இருந்த பையைத் தடவிப் பார்த்தார். அப்புறம், "பயமா கீதும்மா" என்றார்.

"பத்து நிமிஷ வேலை. வலியே இருக்காதுன்னு டாக்டர் சொன்னாரே."

"வலிக்கு யாரு பயந்தா? இந்தக் கண்ணுல கொஞ்சூண்டு தெரியுது. நீ தட்டுல சோறு வைக்கறப்ப வெள்ளையா தெரியுது. உன் கை வந்துட்டு போறது தெரியுது. அங்க போயி அதுவும் போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. பேட்டரி எத்தனை சதவீதம், ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர், எந்த நாள் யார் முறை என்று நாற்பது நாள் கணக்குப் போட்டிருக்கிறேன். உங்களுக்கு எப்படி இருக்கிறது அத்தை என்று ஒரு நாள் கேட்கவில்லை. வாந்திதான் பிரச்சினை, கார் வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று நானே விடை எழுதிக் கோடு போட்டுவிட்டேன். கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு அத்தை" என்றேன். "போகாம இருந்தாலும் அந்த வெள்ளை போயிடும். அதான் எனக்குப் பெரிய பயம். நான் கூடவே இருப்பேன். உள்ள விட மாட்டோம்னு சொன்னா கதவுகிட்டயே நிப்பேன்."

"கத்துவியா?"

"விடலன்னா கத்துவேன்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெளியே கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் எழுந்து, "அவகிட்ட நான் பேசறேன். நீ பேசினா சண்ட ஆயிடும்" என்று சுவரைத் தொட்டுத் தொட்டு வாசலுக்கு நடந்தார்.

"இந்தாடி" என்றார் எதிர்வீட்டு அக்காவிடம். "அடுத்த சுத்துல என் பாட்ட நீ வச்சிக்க. அதுக்கடுத்த சுத்துலயும் வச்சிக்க. இத்த இப்ப திருப்பிக் குடு."

"உளுந்து அரைஞ்சிட்டுது. அரிசி பாதியில கீதே சித்தி."

"மீதிய உன் வூட்ல அரை."

"நம்ப வூட்ல விடிஞ்சிடும்."

"நாளைக்கு எனக்கு கண்ணு ஆப்பரேசன்."

அக்கா மாமியாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா" என்று கிரைண்டரை நிறுத்தினார். அதை மாவோடு தூக்க முடியாது. மாவை அண்டாவில் வழித்து, கல்லைக் கழற்றி, நானும் அவரும் இரண்டு நடை நடந்து எதிர்வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தோம். மிச்ச அரிசியை அந்தக் கிரைண்டர் நகர்ந்து நகர்ந்து அரைத்ததில் குருணை குருணையாகவே நின்றுவிட்டது. காது குத்தில் ஐம்பது பேரும் அந்த இட்லியை மென்றுகொண்டே என்னைத் திட்டினார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

நான் கையில் ஒட்டிய மாவைக் கழுவிவிட்டு வருவதற்குள் மாமியார் சார்ஜர் வயரைத் தரையில் தேடி எடுத்து, பிளக்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அத்தை, கை ஈரமா?" என்று கத்தினேன்.

"இல்லடி. கத்தாத."

கையைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு விரலில் மாவு. என் புடவையில் அழுத்தித் துடைத்தேன். சுவர் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன். அவர் கைமேல் என் கையை வைத்துச் சுவரில் செருகினோம். சுவிட்சைப் போட்டேன். வயரைச் சுருள் இல்லாமல் இழுத்துவிட்டு, மறுமுனையைக் காரின் மூக்கில் இரண்டு பேருமாகச் செருகினோம். உள்ளே ஏதோ டக்கென்று பூட்டிக்கொண்டது.

"ஏறுதா?"

"ஏறுது அத்தை. விளக்கு எரியுது."

"இன்னா கலரு?"

"பச்சை."

அவர் குனிந்து, முகத்தை அந்தச் சின்ன விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இடது கண்ணை வைத்தார். வலது கண்ணை வைத்தார். மறுபடி இடது கண்ணை வைத்து ரொம்ப நேரம் அப்படியே நின்றார்.

"எனக்கு ஒன்னியும் தெரில" என்றார். பிறகு நிமிர்ந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டார். "வியாயக்கெழம வந்து பாக்கறேன்."